கதவோர முக்காலி

முதலில் இடதா வலதா என்று சொல். பெயர் அப்புறம். பெயர் எங்கும் ஓடிப்போகாது.

நொயேமி இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தேர்வு மேசைமேல் கிடந்த தோள்பட்டை எலும்பைப் பார்த்தாள். எடுத்துப் பார்க்கலாம், தடையில்லை. மற்ற மேசைகளில் கிடந்த செத்த பூனைகளைத்தான் தொடக்கூடாது. உள்ளங்கை வியர்த்திருந்ததால் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எலும்பை எடுத்தாள். மேடு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். குழி வெளிப்புறம் பார்க்க வேண்டும். தன் தோளுக்குப் பின்னால் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். குழி இடது கைப்பக்கம் போய் நின்றது. இடது. முதலில் அதை எழுதினாள். போன தேர்வில் பெயரெல்லாம் சரியாக எழுதிவிட்டு, இடதா வலதா என்று எழுத மறந்து பாதி மதிப்பெண்ணைத் தொலைத்திருந்தாள். ஊசி குத்தியிருந்த இடத்தின் லத்தீன் பெயரில் கடைசி எழுத்தைப் போடும்போது மணி அடித்தது.

"நகருங்க," என்றார் டாக்டர் ஹகோபியன்.

எல்லாரும் ஒரு மேசை நகர்ந்தார்கள். மேசைக்கு ஒரு எலும்பு, அல்லது மருந்து நெடி அடிக்கும் தோல் உரித்த பூனை. ஒரு ஊசி, ஒரு கேள்வி, ஒரு நிமிஷம். எழுதி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் மணி அடித்தால் நகர வேண்டும். சுற்று முடிந்ததும் விட்டுப்போனதைத் திரும்பிப் பார்க்க ஐந்து நிமிஷம் தருவார். அதன்பின் அதே அறையில், இடைவேளை இல்லாமல், பதினொன்றரை வரைக்கும் எழுத்துத் தேர்வு. நடுவில் அறையை விட்டு வெளியே கால் வைத்தால் அத்தோடு முடிந்தது. எப்போதோ ஒருவன் கழிப்பறைக்குப் போய்விட்டு எல்லா விடைகளோடும் திரும்பி வந்தானாம். அன்றிலிருந்து டாக்டர் ஹகோபியன் யாருடைய சிறுநீர்ப்பையையும் நம்புவதில்லை. மறு தேர்வும் கிடையாது. மேசைகளைக் கலைத்த பிறகு ஒருத்திக்காக மறுபடி அடுக்க மாட்டார்.

காலையில் வராந்தாவில் காத்திருந்தபோது கஸுவா சிரிக்க வைத்தாள். கஸுவா பக்கத்து மேசைக்காரி, ஹமாங் என்ற ஆசிய மலை இனத்துப் பெண், வாய் ஓயாதவள்.

"எங்க வீட்டுப் பூனை இப்பல்லாம் என்னைக் கண்டா கட்டிலுக்கு அடியில ஓடிருது, தெரியுமா?"

"ஏன்?"

"தூக்கிவச்சுத் தொடையில இருக்கற தசையெல்லாம் பேர் சொல்லித் தடவறேன்ல. அதுக்கு விளங்கிருச்சு, இவ படிப்பு எதுல போய் முடியும்னு."

நொயேமி சிரித்தாள். சிரித்து முடித்ததும் வயிறு மறுபடி இறுகிக்கொண்டது. மற்றவர்களுக்கு இது ஒரு தேர்வு. அவளுக்கு இது கடைசி. இந்த உடற்கூறியல் பாடத்தில் 'சி' வாங்காமல் நர்ஸிங்குக்கு விண்ணப்பம் போட முடியாது. ஒரு பாடத்தை மூன்று தடவைதான் எடுக்கலாம் என்று விதி. இது மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவையும் அவள் தோற்கவில்லை. அதுதான் வேடிக்கை. முதல் தடவை அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு வராது, எட்டு வயதிலிருந்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அவர்களுக்கு நாக்காக இருந்தவள் நொயேமி. வகுப்புகள் தவறின. ஒரு ஆலோசகர் கனிவாகச் சொன்னார், 'டபிள்யூ' வாங்கிக்கொள், அது தோல்வி இல்லை, விலகல் மட்டும்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று. இரண்டாவது தடவை தங்கை யெசேனியாவுக்குக் குறைமாதத்தில் குழந்தை. மறுபடி ஒரு கனிவான குரல், மறுபடி ஒரு 'டபிள்யூ'. தன் சான்றிதழில் ஒரு 'எஃப்'கூடக் கிடையாது என்று நொயேமிக்கு உள்ளூரப் பெருமைதான். அந்த இரண்டு எழுத்தும் இரண்டு தடவையாகக் கணக்கில் ஏறியிருந்தன என்பது மூன்றாவது முறை பதிவு செய்யப் போனபோதுதான் தெரிந்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி. இதுவே உங்கள் இறுதி முயற்சி.

மணி. நகர்ந்தாள். தொடை எலும்பு, சுலபம். அதன் தலை உள்பக்கம் பார்க்கும். மணி. பூனையின் முதுகு. மணி.

கதவோரம் இருந்த முக்காலிக்கு வந்து சேர்ந்தாள். அதன்மேல் எலும்பு கிடையாது, கேள்வி கிடையாது, 'ஓய்வு' என்று எழுதிய ஒரு அட்டை மட்டும். இங்கே ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுதியதைச் சரிபார்க்கலாம்.

உட்கார்ந்ததும் கதவு ஒருக்களித்துத் திறந்தது. மிஸ் மச்சாடோ.

மிஸ் மச்சாடோ அந்தக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் அல்ல. பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுப் போகாமல் பிடித்து நிறுத்துவதற்கென்றே வைக்கப்பட்டவர். ஒரு நாள் வராவிட்டால் போன் செய்வார். நொயேமிக்குப் பாடப்புத்தகம் இரவல் கொடுத்தது அவர்தான். பெட்ரோல் போட வழியில்லாமல் கார் நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுத ஒரு நாளில், ஜன்னலைத் தட்டி சாண்ட்விச்சை நீட்டியதும் அவர்தான். ஐம்பது வயது, பால்பண்ணைக் குடும்பத்துப் பெண். குரல் மட்டும் எப்போதும் ஒரு கூடத்துக்குக் கேட்கும். இன்று அதைத் தாழ்த்தியிருந்தார், அதுவே நொயேமியை எழுந்து நிற்க வைத்தது.

"மிஸ் மச்சாடோ, தேர்வு நடக்குது," என்றார் டாக்டர் ஹகோபியன், தலை நிமிராமல்.

"குடும்பத்துல அவசரம், டாக்டர். ஒரு நிமிஷம்."

டாக்டர் நொயேமியைப் பார்த்தார். "கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பேசிக்க. வாசலைத் தாண்டினா தாளை வாங்கிருவேன். உனக்கே தெரியும்."

மிஸ் மச்சாடோ வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவருடைய முடியில் பனிமூட்டத்தின் ஈரம் முத்து முத்தாய் ஒட்டியிருந்தது. "கண்ணு, பதறாதே. உங்க அப்பா ஆரஞ்சுத் தோட்டத்துல ஏணியிலேர்ந்து விழுந்துட்டாராம். உயிருக்கு ஒண்ணுமில்ல. நினைவு இருக்கு, பேசறாரு. கைதான். ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. உன் தங்கச்சி ஆபீஸுக்குப் போன் பண்ணிச்சு."

"எந்தக் கை?" என்றாள் நொயேமி. "இடதா, வலதா?"

"கேக்கலையேம்மா."

மணி அடித்தது.

"கேட்டுட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு நொயேமி அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். கால்கள் தானாகவே நகர்ந்தன.

அந்த மேசையில் ஒரு முழங்கால் மூட்டு. அதை அவள் பார்க்கவில்லை. தனக்குள் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா விழுந்தார் என்று காதில் விழுந்த அந்தக் கணத்தில் முதலில் எழுந்தது பயமல்ல. அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில், வயிற்றில் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று முடிச்சு அவிழ்ந்து, அக்கடா என்று உட்கார்ந்தது. இனி இதை எழுத வேண்டாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பாவம், அப்பாவுக்காக விட்டாள் என்பார்கள்.

அவளுக்கு உடம்பு கூசியது. வலியில் கிடக்கிறார் அப்பா. அந்த வலியின்மேல் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளப் பார்த்தது எது? அதன் முகத்தை இன்றுதான் பார்க்கிறாளா? அம்மாவின் ஆபரேஷன் அன்றும் இதுதான் முதலில் வந்தது. யெசேனியாவின் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோதும், கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகும் முன், இதே நிம்மதி ஒரு நொடி வந்து போயிருக்கிறது. குடும்பத்துக்காக விட்டுக்கொடுத்தவள் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். விட்டுக்கொடுத்தது உண்மை. ஆனால் அதற்குள் ஒரு கோழை ஒளிந்திருந்து இரண்டு தடவையும் தப்பித்துக்கொண்டதும் உண்மை.

மணி. முழங்காலுக்கு ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நினைவில்லை.

அடுத்த மேசையில் கை.

கம்பியில் கோத்த கை எலும்புகள், விரல்களை விரித்துக்கொண்டு கறுப்புத் துணிமேல் கிடந்தன. மணிக்கட்டில் கூழாங்கற்கள் மாதிரி இரண்டு வரிசை. அவற்றில் ஒன்றின்மேல் ஊசி. அவளுக்குத் தெரிந்ததுதான். கார் ஓட்டும்போதுகூட ஒரு கையைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு மற்றொரு கையில் எண்ணி எண்ணிப் படித்தது. ஆனால் இப்போது அது அப்பாவின் கையாக இருந்தது. ஆரஞ்சுக் காம்பை நறுக்கும் சின்னக் கத்தரியால் கட்டை விரலின் அடியில் காய்த்துப்போன கை. மூன்று கால் ஏணி. பனிமூட்டத்தில் நனைந்த படி வழுக்கியிருக்கும். கழுத்தில் பாதி நிறைந்த பழப்பை முன்னால் இழுத்திருக்கும். விழுகிறவன் கையைத்தான் ஊன்றுவான். ஊன்றினால் முதலில் உடைவது...

மணி.

விடைத்தாளில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. இடது வலதுகூட எழுதவில்லை.

"நகருங்க."

மிச்ச மேசைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். ஒவ்வொன்றிலும் முதலில் இடது வலது, பிறகு பெயர். மனம் இழுத்தபோதெல்லாம் அதைக் காதைப் பிடித்து எலும்புக்குக் கொண்டுவந்தாள். எதிரே கஸுவா ஒரு முறை அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டாள். நொயேமி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். யாராவது கனிவாகப் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று தோன்றியது.

கடைசி மணி அடித்தது. "ஐந்து நிமிஷம். விட்டுப்போனதைப் பார்த்துக்குங்க. பேச்சு வேண்டாம்," என்றார் டாக்டர் ஹகோபியன், எழுத்துத் தேர்வின் தாள்களைக் கட்டிலிருந்து பிரித்தபடி.

எல்லாரும் ஓடினார்கள். நொயேமி கை கிடந்த மேசையை நோக்கி இரண்டு அடி வைத்திருப்பாள், கதவில் மிஸ் மச்சாடோ நின்றார், கையில் போனோடு.

அவள் திரும்பி, முக்காலி வரைக்கும் போனாள்.

"வலது," என்றார் மிஸ் மச்சாடோ. "மணிக்கட்டு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி உள்ள ஆணி வைக்கணுமாம். இல்லேன்னா பழையபடி பிடிக்க வராதுன்னு டாக்டர் சொல்றாராம். ஆனா உங்க அப்பா கையெழுத்துப் போடமாட்டேங்கறாரு. நீ வந்து சொன்னாத்தான் போடுவேங்கறாரு. இந்தா, தங்கச்சி லைன்லதான் இருக்கு."

"அந்த போன் உள்ள வரக்கூடாது," என்றது டாக்டர் ஹகோபியனின் குரல். "கையில வாங்கினாலும் தேர்வு முடிஞ்சிரும்."

போன் வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றது. அதிலிருந்து யெசேனியாவின் குரல் கசிந்தது.

"நொயேமி! கேக்குதா? அம்மா அந்த ஸ்கிரீன்ல வந்து மொழிபெயர்க்கற பொம்பளைய நம்ப மாட்டேங்கறாங்க. அவ எந்த ஊர்லேர்ந்து பேசறாளோ, என்ன சொல்றாளோன்னு ஒரே சண்டை. அப்பா நொயேமி எங்கே, நொயேமி எங்கேன்னு. நீ அங்க செத்த பூனையோட குடித்தனம் நடத்திட்டிரு! இங்க வர முக்கால் மணி நேரம் ஆகும், உடனே கிளம்பு!"

யெசேனியா இந்த நாட்டிலேயே பிறந்தவள். நொயேமியைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள், செல்போன் கடையில் நின்று நாளெல்லாம் அதைப் பேசித்தான் சம்பாதிக்கிறாள். ஆனால் டாக்டர் என்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளட்டும் என்று எல்லாரும் விட்டுவைத்திருந்தார்கள், நொயேமி இருக்கிறாளே என்று. நொயேமியும்தான் விட்டுவைத்திருந்தாள். தன்னை விட்டால் ஆளில்லை என்ற பேச்சில் அவளுக்கும் ஒரு ருசி இருந்தது.

மிஸ் மச்சாடோ போனைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "கேளு கண்ணு. இன்னிக்குத்தான் விலகறதுக்குக் கடைசி நாள். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, என் போன்லயே 'டபிள்யூ' போட்டுக் குடுத்திரலாம், ரெண்டு நிமிஷ வேலை. நானே உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"இது மூணாவது தடவை, மிஸ்."

"தெரியும்மா. விபத்துன்னா தனியா மனு போடலாம். இன்னொரு தடவை எடுக்க விடச்சொல்லிக் கேக்கலாம். நான் ரெண்டு பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேன்."

"எத்தனை பேருக்குக் கேட்டீங்க?"

மிஸ் மச்சாடோ பொய் சொல்லத் தெரியாதவர். "நிறையப் பேருக்கு," என்றார் மெல்ல. "ஆனா இந்த மனசோட உக்காந்து எழுதினா ஃபெயிலாயிருவே. 'எஃப்' விழுந்தா மனுவுக்கும் வழியில்ல, உதவித்தொகையும் போயிரும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க அப்பா வலியில கிடக்காரு."

அது உண்மை. அவர் சொன்ன எல்லாமே உண்மை. நொயேமி அவர் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அகலத் திறந்து, தோளால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் அவர். இந்தக் கல்லூரியில் தனக்காக அன்போடு திறந்துவிடப்பட்ட கதவுகள் எல்லாம் வெளியே போகிற கதவுகளாகவே இருந்தன என்று அவளுக்குத் தோன்றியது. திறந்தவர்கள்மேல் கோபம் வரவில்லை. இந்தப் பெண்மணியைப் போய் எப்படிக் கோபிப்பது? அந்த சாண்ட்விச்சின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

வயிற்றுக்குள் அது மறுபடி உட்கார இடம் தேடியது. போ, போ, அப்பாவிடம் போ என்றது. எத்தனை நல்ல பிள்ளையின் குரலில் சொல்கிறது!

"மூணு நிமிஷம்," என்றார் டாக்டர் ஹகோபியன்.

"மிஸ்," என்றாள் நொயேமி. "யெசேனியாகிட்ட நான் சொல்றதைச் சொல்றீங்களா? அவதான் பேசணும்னு சொல்லுங்க. டாக்டர் சொல்றது புரியலேன்னா மறுபடி சொல்லச் சொல்லணும். அப்பவும் புரியலேன்னா இன்னொரு தடவை. வெக்கப்படக் கூடாது. எட்டு வயசுல நான் அப்படித்தான் பண்ணினேன்னு சொல்லுங்க. எனக்கும் ஒண்ணும் புரியலே."

"நொயேமி..."

"அப்பாகிட்ட, பதினொன்றரைக்கு நான் கிளம்பிருவேன்னு சொல்லச் சொல்லுங்க. ஆனா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கையெழுத்தைப் போடுங்கன்னு நான் சொன்னதாச் சொல்லச் சொல்லுங்க. இடது கையால போடலாம். கிறுக்கினாப் போதும்."

மிஸ் மச்சாடோவின் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். யெசேனியாவின் குரல் மறுபடி வெளியே வந்தது. "என்ன சொல்றா அவ? வர்றாளா இல்லியா?" பின்னால் தொலைவில் அம்மாவின் குரல் ஸ்பானிஷில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. வீட்டுப் பின்கட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதுபோல.

நொயேமியின் வலது கால் தானாகவே அரை அடி முன்னால் நகர்ந்தது. செருப்பின் நுனி வாசலின் உலோகப் பட்டையைத் தொட்டது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

"கண்ணு," என்றார் மிஸ் மச்சாடோ, கண் கலங்கி. போனை இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார். "சரின்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"நான் வரலை, மிஸ்," என்றாள் அவள், யாருக்கும் தொந்தரவு கொடுக்காத குரலில். "டபிள்யூவும் வேண்டாம்."

கஸுவா எலும்பிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள். டாக்டர் ஹகோபியன் கடிகாரத்தைப் பார்த்தார். நொயேமி முக்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்து, கறுப்புத் துணிமேல் கிடந்த அந்தக் கைக்கு எதிரே போய் நின்றாள். பக்கத்தில் தன் கையை வைத்தாள். கட்டை விரல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.